சிப்ஸ் அடுப்புக்குக் காப்பி மண்டியில் எரிகட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் அழகியமண்டபம் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு சிப்ஸ் பட்டறை இருக்கிறது. நேந்திரங்காய் சீவி, தேங்காயெண்ணெயில் பொரித்து, சுற்று வட்டாரக் கடைகளுக்குப் போடுகிறோம். உருளி பெரிது, அடுப்பு விறகடுப்பு. வெயில் காலத்தில் ரப்பர் விறகு போதும், ஒரு தொந்தரவும் இல்லை. இடவப்பாதி, அதாவது ஜூன் மழை, பிறந்துவிட்டால்தான் கஷ்டம். விறகு நனைந்து, ஊதி ஊதிக் கண் சிவந்து, எண்ணெய்க்குச் சூடு ஏறாமல், காய் எண்ணெயைக் குடித்து நமுத்துப் போகும். மற்ற மாவட்டங்களுக்கு ஒரு மழை என்றால் நமக்கு இரண்டு மழை. ஜூனில் ஒன்று, அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசியில் அடுத்தது. தூளை அழுத்திக் கட்டியாக்கி விறகுக்குப் பதிலாக எரிக்கும் இந்த எரிகட்டி வேலையில் நான் இறங்கியது அதனால்தான். சுற்றுச்சூழல் எல்லாம் அப்புறம் வந்து சேர்ந்துகொண்டது.

முதலில் ஒரு பேச்சு வழக்கு. காப்பி வடித்த பிறகு ஃபில்டரில் மிஞ்சுவதை மற்ற ஊர்க்காரர்கள் சக்கை என்கிறார்கள். எங்கள் ஊரில் சக்கை என்றால் பலாப்பழம். 'காப்பிச் சக்கை எரிப்பது எப்படி' என்று எழுதினால் என் மாமியாரே சண்டைக்கு வருவார். ஆகவே மண்டி என்றே எழுதுகிறேன். செய்து முடித்த கட்டிக்கு எங்கள் பட்டறையில் வேறு பெயர். நடுவில் ஓட்டை இருப்பதால் காய் சீவும் அக்கா அதை 'வடை' என்பார். இன்றைக்கு எத்தனை வடை ஆச்சு என்றுதான் கணக்கே.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தது நினைவிருக்கும். குலசேகரம், திருவட்டார் பக்கமெல்லாம் ரப்பர் மரங்கள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்து கிடந்தன. அதற்கப்புறம் மாதக்கணக்கில் மர மில்களில் தூள் மலைபோல் குவிந்தது, அள்ளிக்கொண்டு போனால் போதும் என்றார்கள். என் அம்மா தகர டின்னில் தூள் அடுப்பு வைத்திருந்தார். நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இடித்து இறுக்கி, பாட்டிலைத் திருகி உருவினால் ஒரு குழாய் மாதிரி வழி கிடைக்கும். தீ அதற்குள்ளேயே நின்று மணிக்கணக்கில் எரியும். நான் செய்யும் கட்டியின் ஓட்டை அந்தப் பாட்டிலிடம் கற்றதுதான்.

காப்பி மண்டி வந்தது கொழுந்தன் வழியாக. தக்கலையில் ஒரு ஓட்டலில் அவன் கணக்கு எழுதுகிறான். தினம் ஒரு வாளி மண்டி, ஐந்து கிலோ போல, குப்பைக்குப் போகிறது என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னான். வாங்கி வா என்றேன். "மயினி, இதைக் கொண்டுபோய் என்ன செய்யப் போறிய?" என்று கேட்டுக்கொண்டேதான் கொண்டுவந்தான். வாரம் ஒரு பாக்கெட் சிப்ஸ் கொடுத்து அந்தக் கணக்கைத் தீர்க்கிறேன்.

மண்டிக்கு ஏன் இந்த மெனக்கெடல் என்றால், அதில் சூடு அதிகம். நன்றாக உலர்ந்த மண்டியில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு வரை எண்ணெய் இருக்கிறது. ஒரு கிலோ எரித்தால் ஏறக்குறைய 5000 கிலோ கலோரி கிடைக்கும். காய்ந்த விறகு 4000, 4500 என்று நிற்கும். நெல் உமி 3000 சொச்சம்தான், அதிலும் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகவே மிஞ்சும். உடனடி காப்பித்தூள் தயாரிக்கும் பெரிய ஆலைகள் தங்கள் மண்டியைத் தங்கள் பாய்லரிலேயே எரிப்பது இதனால்தான்.

ஆனால் வாளியில் வரும் மண்டி எரியாது. அதில் பாதிக்கு மேல் தண்ணீர். சமையலறைத் தராசில் 100 கிராம் ஈர மண்டி எடுத்து, இரும்புச் சட்டியில் சிறுதீயில் ஈரம் போக வறுத்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். எனக்கு 40 கிராம்தான் நின்றது. அதாவது ஐந்து கிலோ வாளியில் இரண்டு கிலோதான் சரக்கு, மிச்சம் நாம் சுமந்து வந்த தண்ணீர். இந்த வேலையில் பெரும்பகுதி ஈரத்தை விரட்டுவதுதான். அச்சில் போட்டு அழுத்துவது கடைசி அரை மணி நேரக் கூத்து. இணையத்தில் எல்லாரும் அச்சைத்தான் காட்டுகிறார்கள், படம் பிடிக்க நன்றாக இருக்கிறது போல.

வந்த அன்றைக்கே மண்டியைப் பரப்பிவிட வேண்டும். மொட்டை மாடியில் ஓலைப்பாய் விரித்து, அதன்மேல் ஒரு விரல் கனத்துக்குமேல் போகாமல் கொட்டி, கிராம்பு காயப்போடுகிறவர்கள் கிளறுவதுபோல நாளைக்கு மூன்று முறை கையால் கிளறுவேன். நல்ல வெயிலில் இரண்டு நாள். ஈரமாக இருக்கும்போது கறுப்பாக, கட்டி கட்டியாக இருக்கும். காயக் காய நிறம் வெளுத்து, மூன்றாம் நாள் காலையில் விரலிடுக்கில் கடல் மணல்போல வழிந்தால் சரி. பால், சீனி கலந்த டம்ளர் மிச்சத்தை மண்டியோடு ஊற்றாதீர்கள் என்று ஓட்டலில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லையென்றால் அரை மணி நேரத்தில் மாடி முழுக்க எறும்பு.

ஒருமுறை மேகமூட்டமாக இருக்கிறதே என்று, அரைகுறையாக உலர்ந்த மண்டியைச் சாக்கில் கட்டி மூலையில் வைத்துவிட்டேன். நான்காம் நாள் சாக்கைத் தொட்டால் வெதுவெதுவென்றிருந்தது. அவிழ்த்து உள்ளே கையை விட்டேன், சுட்டது. மேலே வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம், உள்ளே அடுப்பு. எண்ணெய்ப் பசையுள்ள சரக்கு, ஈரத்தோடு அடைபட்டால் தானாகவே சூடேறும். குவியல் பெரிதாக இருந்தால் தீயே பிடிக்கலாம். அந்தச் சாக்கைத் தென்னந்தோப்பில் கொண்டுபோய் விரித்துக் கொட்டியதோடு சரி. பூசணம் பிடித்ததைக் கிளறும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

ஈரம் போய்விட்டதா என்று பார்க்க மீட்டர் வாங்க வேண்டாம். தானியத்துக்கு ஈரம் பார்க்கும் உப்புச் சோதனை இதற்கும் உதவுகிறது. சுத்தமாகக் காய்ந்த ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் இரண்டு கரண்டி வறுத்த தூள் உப்பு, அதோடு இரண்டு கைப்பிடி சரக்கு. மூடி போட்டு நன்றாகக் குலுக்கிப் பத்து நிமிஷம் வைத்துவிட்டுப் பாருங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றால் ஈரம் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் இருக்கிறது, இன்னொரு வெயில் வேண்டும். ஒட்டாமல் அடியில் விழுந்தால் எடுத்து வைக்கலாம்.

அடுத்தது மரத்தூள். குலசேகரத்திலிருந்து சாக்குக் கணக்கில் வாங்குகிறேன். பச்சை ரப்பர்த் தடியை அறுக்கும் இடத்துத் தூள்தான் வேண்டும். பலகைக்கு மருந்து ஏற்றுவது அறுத்த பிறகு என்பதால் இந்தத் தூளில் மருந்து இருக்காது. பிளைவுட், எம்.டி.எஃப். அறுக்கும் தச்சுப் பட்டறைத் தூள் இலவசமாகவே கிடைத்தாலும் வேண்டாம். அதில் இருப்பது பசை, எரித்தால் அந்தப் பசையைத்தான் நாம் மூச்சாக இழுப்போம். பெயின்ட் அடித்த மரமும் அப்படியே. ரப்பர்த் தூளில் இன்னொரு வம்பு, பட்டையோடு ஒட்டுப்பால், அதாவது உறைந்த ரப்பர்ப் பால், வந்துவிடும். ஒரு முறை சலிக்காமல் போட்டு, பொரித்துக்கொண்டிருக்கும்போது கறுப்புப் புகை எழும்பி, டயர் எரிக்கிறீர்களா என்று பக்கத்து வீட்டு அண்ணன் மதில் வழியே எட்டிப் பார்த்தார். இப்போதெல்லாம் மணல் சலிக்கும் வலையில் சலித்துத்தான் எடுக்கிறேன்.

மூன்றாவது, கதம்பைத் தூள். தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரிக்கும்போது உதிருமே, அதுதான். தனியாக எரித்தால் கனன்று புகையுமே தவிர எரியாது. ஆனால் கட்டிக்குள் நார் நாராகப் பின்னிக்கொண்டு பிடிமானம் கொடுக்கும். தன் எடையைப்போல ஏழெட்டு மடங்கு தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால் இதைக் காயவைப்பதுதான் மூன்றிலும் பெரிய பாடு. உப்புக் காயலில் அழுகப் போட்ட கதம்பையின் தூள் வேண்டாம். அந்த உப்பு அடுப்புக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், சாம்பலும் கட்டி கட்டியாக உருகி ஒட்டும். பச்சை மட்டையை மெஷினில் அடித்த தூளாகக் கேட்டு வாங்குங்கள்.

அண்டி ஓடு, அதாவது முந்திரிக்கொட்டை ஓடு, ஆகுமா என்றும் கேட்பார்கள். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை செய்த பெண்களின் விரல்களைப் பார்த்திருந்தால் கேட்க மாட்டீர்கள். அந்த ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் பொத்துப்போக வைக்கும், புகை கண்ணையும் தொண்டையையும் அறுக்கும். உயரமான புகைபோக்கி உள்ள பாய்லருக்கு அது நல்ல எரிபொருள்தான். தின்பண்டம் பொரிக்கிற அடுப்புக்கு அதை அண்டவிடக் கூடாது.

கலவைக்கு வருவோம். முதலில் காப்பி மண்டியை மட்டும் வைத்துச் செய்து பார்த்தேன். அச்சிலிருந்து எடுக்கும்போது அழகாக இருந்தது, காய்ந்ததும் விரல் பட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது. பொடி ரொம்ப நைஸ், நார் கிடையாது, எண்ணெய்ப் பசை வேறு. பாதிக்கு மேல் காப்பி போனால் கட்டி நிற்காது என்பது பல தடவை உதிர்ந்த பிறகு வந்த முடிவு. இப்போது நான் போடுவது, உலர்ந்த எடையில் மரத்தூள் 5 கிலோ, காப்பி மண்டி 3 கிலோ, கதம்பைத் தூள் 2 கிலோ.

இதை ஒட்டவைக்க மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, மாவு 700 கிராம். நம் மாவட்டத்தில் பசைக்கு எங்கும் அலைய வேண்டாம். காயவைத்த மரச்சீனியில் உடைசல், கறுத்தது என்று ஒதுக்கியதை வாங்கி அரைத்துக்கொள்ளலாம், நல்ல கிழங்கு எதற்கு? மாவை இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊற்றிக் கைவிடாமல் கிளறுங்கள். வெள்ளையாக இருந்த கஞ்சி திடீரென்று கண்ணாடிபோலத் தெளிந்து கரண்டியை இழுக்கும். அந்த நொடியில் இறக்கிவிட வேண்டும். தெளியாத கஞ்சி ஒட்டாது. சோறு வடித்த கஞ்சியில் செய்தால் ஆகாதா என்றால், ஆகும், ஆனால் சாக்கில் போட்டுத் தூக்கும்போது கால்வாசி உடைந்துவிடும்.

உலர்ந்த மூன்றையும் முதலில் நன்றாகக் கலந்துவிட்டு, சூடு ஆறாத கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசைய வேண்டும். எல்லாக் கஞ்சியும் போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை, தூளின் ஈரத்தைப் பொறுத்தது. பதம் சொல்வதென்றால், புட்டுமாவைவிட ஒரு பங்கு ஈரம் கூட. கையில் பிடித்தால் கொழுக்கட்டைபோல நிற்க வேண்டும், இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், சொட்டக் கூடாது. பிசைந்ததை ஈரச் சாக்கால் மூடி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். கதம்பைத் தூள் கஞ்சியை உள்ளே இழுக்க அந்த நேரம் வேண்டும். நான் அதற்குள் ஒரு ஈடு காய் சீவி முடித்துவிடுவேன்.

அச்சு விஷயத்தில் என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பிளம்பிங் வேலையில் மிஞ்சிய பி.வி.சி. குழாயை வெட்டி, ஓட்டை போட்டு, கார் ஜாக்கியால் அழுத்தினேன். மூன்றாம் கட்டியில் 'படார்' என்று குழாய் நெடுக்காகப் பிளந்து சில்லு கன்னத்தை உரசிப் போனது. கண்ணில் பட்டிருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அப்புறம் மார்த்தாண்டத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் இரும்பிலேயே செய்து வாங்கினேன். உள்விட்டம் மூன்று அங்குலம், உயரம் எட்டு அங்குலமுள்ள குழாய். தண்ணீர் வெளியேறச் சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டைகள். நடுவில் நிற்க முக்கால் அங்குலக் கம்பி. கம்பி நுழைகிற துளையோடு மேலும் கீழும் ஒவ்வொரு தட்டு. இதை நிறுத்திவைக்க ஒரு இரும்புச் சட்டம், அழுத்துவதற்கு 3 டன் பாட்டில் ஜாக்கி. அவ்வளவுதான் இயந்திரம்.

கலவையைக் குழாய் நிறையப் போட்டு, கம்பைக்கொண்டு லேசாகக் குத்தி, மேல் தட்டு வைத்து ஜாக்கியை ஏற்றினால் ஓட்டைகள் வழியே காப்பி நிறத் தண்ணீர் ஒழுகும். ஒழுகுவது நின்றதும் உடனே இறக்கிவிடக் கூடாது. ஒன்றிலிருந்து முப்பது வரை நிதானமாக எண்ணுவேன். அவசரப்பட்டு இறக்கினால் கட்டி மூச்சு விட்டதுபோல் உப்பி, குறுக்கே வெடிப்பு விடும். இரண்டரை அங்குல உயரத்தில் ஒரு வடை வரும். காய்ந்த பிறகு ஒன்று 150 கிராம் இருக்கும், ஒரு கலவையில் எழுபது வடை.

திருப்பூர்ப் பக்கம் பாய்லர்களுக்குப் போகும் கட்டியில் பசை சேர்ப்பதில்லையே என்று கொழுந்தன் கேட்டான். உண்மைதான். அந்த மெஷின் தூளை அடிக்கிற அடியில் சூடு கிளம்பி, மரத்திலேயே இருக்கும் லிக்னின் இளகி, அதுவே பசையாகிவிடும். தூளின் ஈரம் நூற்றுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆவி கட்டியைப் பிளந்துவிடும். நம் ஜாக்கிக்கு அந்தச் சக்தி கிடையாது. அதனால்தான் நமக்கு மரச்சீனி.

உலர்த்துவதில் முதல் நாள் நிழல்தான். சுடச்சுட வெயிலில் வைத்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து இறுகி, உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு வெடிக்கும். இரண்டாம் நாளிலிருந்து வெயில், தினம் ஒரு முறை புரட்டிப் போட்டு நான்கைந்து நாள். இரண்டு வடையை ஒன்றோடொன்று தட்டினால் 'டப்' என்று மந்தமாகக் கேட்டால் ஈரம் இருக்கிறது. மரக்கட்டை தட்டுவதுபோல 'டக்' என்று கேட்டால் ஆயிற்று. உறுதி வேண்டுமானால் ஒன்றை உடைத்து, அதன் தூளைப் பாட்டிலில் போட்டு உப்புச் சோதனை செய்துகொள்ளலாம்.

மழை நேரத்தில் இதைச் செய்யாமல் இருப்பதே நல்லது. ஜனவரி முதல் மே வரை செய்து அடுக்கிவிட வேண்டும். ஒரு தடவை ஜூனில் மாட்டிக்கொண்டு, தெரிந்தவரின் ரப்பர் ஷீட் புகைக்கூட்டில் வைத்துக் காயவைத்தேன். உள்ளே ஐம்பது அறுபது டிகிரிவரை சூடு நிற்கும், இரண்டே நாளில் கணீரென்று காய்ந்துவிட்டது. ஆனால் வடையிலிருந்து உதிர்ந்த தூசி தொங்கிக்கொண்டிருந்த ஷீட்டில் ஒட்டி, கிரேடு குறைந்துபோய் அவர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. ஷீட் இல்லாத நாளாகப் பார்த்துக் கேளுங்கள்.

எரிக்கும்போது கவனிக்க வேண்டியது காற்று. தரையில் வைத்து மூட்டினால் வெறும் புகைதான். கீழே கம்பிச் சல்லடை வைத்து, அதற்கடியில் ஒரு சாண் இடம் விடுங்கள். முதலில் கொதும்பும் (காய்ந்த தென்னம்பாளை) இரண்டு ரப்பர்ச் சிறாயும் போட்டுத் தீ பிடித்ததும், ஓட்டை மேல்நோக்கி இருக்கும்படி வடைகளை அடுக்க வேண்டும். முதல் ஐந்து நிமிஷம் வெள்ளைப் புகை வரும், காப்பி கருகிய வாசத்தோடு. அப்புறம் ஓட்டைக்குள் தீ நாக்கு நின்றுவிட்டால் புகை அடங்கிவிடும். விறகுபோலக் குப்பென்று எழும்பிக் குப்பென்று தணியாது, ஒரே நிதானம். சிப்ஸுக்கு வேண்டியதே அந்த நிதானம்தான். காய் பாதி வெந்ததும் மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரை எண்ணெயில் ஊற்றுவோம். உருளி 'சளசள'வென்று பொங்கும். அந்த நேரம் தீ தணிந்தால் காய் சவுத்துவிடும், எழும்பினால் பொங்கி அடுப்பில் வழியும். ஈர விறகோடு போராடிய காலத்தில் இரண்டும் நடந்திருக்கிறது. சிப்ஸில் காப்பி வாசம் வருமா என்பார்கள். இதுவரை யாரும் சொல்லவில்லை.

புகைபோக்கி இல்லாத அடைத்த அறையில் இதை எரிக்காதீர்கள். புகை அடங்கிக் கனலாக நிற்கும்போதுதான் ஆபத்து அதிகம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் கிடையாது, நிறமும் கிடையாது. உலர்ந்த தூளை எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் கொட்டிச் சலிப்பதும் வேண்டாம், பறக்கிற தூசி தீயைப் பிடித்துக்கொள்ளும்.

காசுக் கணக்கு. எரிவாயு கிலோவுக்கு 11,000 கிலோ கலோரி, அடுப்பும் சூட்டை வீணாக்காது. நம் வடை கிலோவுக்கு 4000 சொச்சம், அதிலும் விறகடுப்பில் முக்கால்வாசி சூடு காற்றோடு போய்விடும். ஆக ஒரு கிலோ எரிவாயுவின் வேலையைச் செய்ய ஆறு கிலோ வடை வேண்டும். 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்றுக்கு 115 கிலோ, அதாவது பதினோரு கலவை. வாரம் இரண்டு கலவை போடுகிற எனக்கு அது ஐந்தரை வாரம். 'குப்பையிலிருந்து கோடி' என்று யாராவது பயிற்சிக்குக் கூப்பிட்டால் இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். கையால் செய்து விற்க இது கட்டாது. கூலி போட்டால் விறகைவிட விலை கூடிவிடும். சொந்த அடுப்புக்கு, மழை நாளுக்கு, கைக்கு ஓய்வு கிடைக்கிற நேரத்தில் செய்துவைக்க நல்லது.

சாம்பல் வாழை மூட்டுக்கு, அதாவது வாழையின் அடிக்கு, போகிறது. நன்றாக ஆறிய பிறகு, மூட்டை ஒட்டிப் போடாமல் ஒரு முழம் தள்ளித் தூவுவோம்.

சேமித்து வைப்பதில் ஒன்று சொல்ல மறந்தேன். மரச்சீனி வாசத்துக்கு எலி வரும். முதல் வருஷம் பரணில் அடுக்கிய வடைகளில் ஒரு வரிசை முழுக்கக் கொறித்துப்போட்டிருந்தது. இப்போது ஓட்டை வழியே கயிறு கோத்து, பணியாரத்தை நூலில் கோத்ததுபோல, அடுப்படி உத்தரத்தில் தொங்கவிடுகிறோம். அடுப்புச் சூட்டில் ஈரமும் ஏறாது. போன மே கடைசியில் பதினெட்டுக் கயிறு தொங்கின. காய் சீவும் அக்கா அண்ணாந்து பார்த்து, "ஓணத்துக்கு இது போதுமா பிள்ளே?" என்றார். ஓண ஆர்டர் முடிவதற்கு நான்கு நாள் முன்பே தீர்ந்துவிட்டது.